ஊதா, பழுப்பு, வெள்ளை

பொம்மனஹள்ளிப் பக்கம் ஜீன்ஸ் வாஷிங் யூனிட் ஒன்றில், வெளுக்கிற இடத்தில் கால் மணி நேரம் நின்றால் போதும். காற்றடைத்த ரப்பர் கால்களில் கால்சட்டையை மாட்டி நிறுத்தியிருப்பார்கள். முகமூடி போட்ட தொழிலாளி ஸ்ப்ரே கன்னால் தொடையிலும் முழங்காலிலும் ஊதாக் கரைசலை அடிப்பார். அது பொட்டாசியம் பெர்மாங்கனேட். தொழிலில் இதற்குப் ‘பி.பி. ஸ்ப்ரே’ என்று பெயர். துணி காயக் காய ஊதா மறைந்து, அடித்த இடமெல்லாம் அழுக்குப் பழுப்பாகும். விவரம் தெரியாதவர் பார்த்தால் நல்ல கால்சட்டையைக் கெடுத்துவிட்டார்கள் என்றே நினைப்பார். அடுத்து அதை டிரம் மெஷினில் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் வெள்ளைத் தூள் ஒன்றைக் கொட்டுவார்கள். தீக்குச்சி உரசும்போது வருகிற நெடி மூக்கில் ஏறும். சில நிமிடத்தில் பழுப்பு போன இடம் தெரியாது. பத்து வருஷம் உடுத்தித் தேய்ந்ததுபோல் தொடை வெளிறிய புதுக் கால்சட்டை வெளியே வரும். அந்தத் தேய்மானத்துக்குத்தான் கடையில் கூடுதல் விலை.

வெள்ளைத் தூளின் பெயர் சோடியம் மெட்டாபைசல்ஃபைட்டு. யூனிட்டில் ‘மெட்டா’ என்றால் போதும். தண்ணீரில் விழுந்ததும் இது பைசல்ஃபைட்டாகக் கரையும்; சல்ஃபைட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. சில யூனிட்டுகளில் மெட்டாவுக்குப் பதிலாக ஹைட்ரஜன் பெராக்சைடும் கொஞ்சம் அசிட்டிக் அமிலமும் ஊற்றுவார்கள். அப்போதும் பழுப்பு போய்விடும். பெராக்சைடு ஊற்றினால் துணியின் மேல் குமிழி பொங்கும், மெட்டாவில் பொங்காது. கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் அவ்வளவுதான்.

வேதியியல் படித்தவருக்கு இந்த இடம் நெருடும். பெராக்சைடு ஆக்சிஜனைக் கொடுக்கிற பொருள். சல்ஃபைட்டு ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்கிற பொருள். இரண்டையும் ஒரே தொட்டியில் ஊற்றினால் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டிவிடும். இப்படி நேரெதிரான இரண்டு சரக்கும் ஒரே கறையை எப்படி எடுக்கின்றன? எடுத்து முடித்த பிறகு என்னவாகின்றன?

பதிலுக்கு முன் ஊரைப் பற்றிக் கொஞ்சம். ஓசூர் சாலையில் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டியதும் வருகிற பொம்மனஹள்ளி, 2007 வரை தனி நகரசபையாக இருந்து பிறகு பெங்களூரு மாநகராட்சியோடு சேர்ந்த ஊர். 2025 ஆகஸ்டில் திறந்த மெட்ரோ மஞ்சள் தடத்தில் இதற்கும் ஒரு நிலையம் உண்டு. பேகூர் சாலை, ஹொங்கசந்திரா என்று சுற்றிலும் கார்மென்ட்ஸ். காலை ஷிஃப்ட்டுக்கு நடக்கிற பெண்கள் கூட்டத்தில் கன்னடத்தோடு தமிழும் தெலுங்கும் இந்தியும் கேட்கும். 2016 ஏப்ரலில் பி.எஃப். பணத்தை எடுப்பதற்கு மத்திய அரசு புதுக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, பெரிய சங்கம் எதுவும் அழைக்காமலே இந்தப் பெண்கள் ஓசூர் சாலையை மறித்தார்கள். இரண்டே நாளில் அரசு பின்வாங்கியது. ஊரின் பெயர் நாடு முழுக்கக் கேட்டது அப்போதுதான். அதற்குப் பிறகு மறுபடியும் போக்குவரத்து நெரிசலுக்குத்தான் பேர்போனது.

தையல் கூடத்தில் வேதியியலுக்கு வேலையில்லை என்று தோன்றும். ஆனால் இஸ்திரி மேஜைக்கு நீராவி வேண்டும், நீராவிக்கு பாய்லர் வேண்டும். பாய்லருக்குப் போகிற தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன், குழாயின் உட்சுவரைப் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். அதைத் தடுக்க அந்தத் தண்ணீரில் சோடியம் சல்ஃபைட்டைக் கரைத்துவிடுவது பழைய வழக்கம். கணக்கு எளிது: ஒரு கிலோ ஆக்சிஜனைப் பிடிக்க ஏறக்குறைய 7.9 கிலோ சல்ஃபைட்டு வேண்டும். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் இங்கே தண்ணீரில் ஆக்சிஜன் சென்னையைவிடச் சற்றுக் குறைவாகவே கரையும். சாதாரண வெப்பநிலையில் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் அளவில் இருக்கும். ஆக, ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் சல்ஃபைட்டு, இரண்டு கைப்பிடி கூட வராது.

சல்ஃபைட்டுக்கு இந்தப் பசி எங்கிருந்து வருகிறது? நடுவில் ஒரு கந்தக அணு, சுற்றிலும் மூன்று ஆக்சிஜன். கந்தகத்தின் நான்காவது பக்கம் காலியாக இருக்கும். காலி என்றால் வெற்றிடம் இல்லை, யாருக்கும் கொடுக்காத ஒரு ஜோடி எலக்ட்ரான் அங்கே நீட்டிக்கொண்டிருக்கும். ஆக்சிஜன் அணு எதிர்ப்பட்டால் அந்த ஜோடியால் பிடித்து நான்காவது இடத்தில் உட்காரவைத்துக்கொள்ளும். அப்புறம் அது சல்ஃபேட்டு. நான்கு பக்கமும் நிறைந்த சல்ஃபேட்டுக்குப் பசி அடங்கிவிடும். சாதாரணமாக எதோடும் வம்புக்குப் போகாது. இந்த ‘சாதாரணமாக’ என்பதைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கிறது.

கந்தகப் புகையில் கம்பளியை வெளுப்பது ரோமானியர் காலத்து வித்தை. நம் பக்கத்தில் இதே வேலை சர்க்கரை ஆலையில் நடக்கிறது. கரும்புச் சாற்றில் சுண்ணாம்பும் கந்தக டை ஆக்சைடும் செலுத்தித்தான் இந்திய ஆலைகள் பெரும்பாலானவை வெள்ளைச் சர்க்கரை எடுக்கின்றன. வெல்லம் காய்ச்சுகிற இடங்களில் ‘ஹைட்ரோஸ்’ என்று ஒரு பொடியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்டு, சல்ஃபைட்டைவிடப் பசி அதிகமுள்ள உறவுக்காரன். கறுத்த வெல்லம் பொன்னிறமாக மாறுவது அதன் கைவண்ணம். வெல்லத்தில் மிஞ்சும் கந்தக டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 70 பங்குக்கு மேல் போகக்கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் வாங்குகிறவர் மஞ்சளாக இருக்கிற வெல்லத்தையே கேட்டால், விற்கிறவர் விதியை எவ்வளவு நாள் பார்த்துக்கொண்டிருப்பார்? ஜீன்ஸுக்கு நீல நிறம் ஏற்றுவதும் இதே ஹைட்ரோஸால்தான். தண்ணீரில் கரையாத அவுரி நீலத்தை இது கரையவைத்து நூலில் ஏற்றும். நூல் காற்றில் பட்டதும் நீலம் திரும்பும்.

ஆக்சிஜனைப் பிடுங்கி வெளுப்பதில் ஒரு குறை உண்டு. நிறம் முழுதாக அழிவதில்லை, தற்காலிகமாக மறைகிறது. கந்தகப் புகையில் வெளுத்த கம்பளி காலப்போக்கில் காற்றில் பட்டு மறுபடி மஞ்சளாகும். பெராக்சைடு நிறத்தின் மூலக்கூறையே உடைத்துவிடுவதால் அந்த வெண்மை நிலைக்கிறது.

பெராக்சைடின் சூட்சுமம் இரண்டு ஆக்சிஜன் அணுக்களுக்கு இடையிலான ஒற்றைப் பிணைப்பு. நாம் சுவாசிக்கிற ஆக்சிஜனிலும் இரண்டு அணுக்கள்தான், ஆனால் அங்கே இரட்டைப் பிணைப்பு. அணுக்களின் இடைவெளி 1.21 ஆங்ஸ்ட்ராம். அதற்கு இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுத்துவிட்டால் பிணைப்பு தளர்ந்து இடைவெளி 1.49-க்கு நீளும். அதுதான் பெராக்சைடு அயனி. பேரியம், சோடியம், கால்சியம் போன்ற எலக்ட்ரானைத் தாராளமாகக் கொடுக்கும் உலோகங்களோடு சேர்ந்து இந்த அயனி படிகத்துக்குள் குடியேறும். வலுவில்லாத பிணைப்பு என்பதால் எப்போது வேண்டுமானாலும் பிரியத் தயாராக இருக்கும்.

உலோகப் பெராக்சைடுகளில் வரலாறு படைத்தது பேரியம். பேரியம் ஆக்சைடைக் காற்றில் ஏறத்தாழ 500 டிகிரிக்குச் சூடாக்கினால் காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிப் பெராக்சைடாகும். 800-ஐத் தாண்டிச் சூடேற்றினால் உறிஞ்சியதைத் திருப்பிக் கொடுத்துவிடும். பிரின் சகோதரர்கள் இதையே தொழிலாக்கி 1886-ல் லண்டனில் ஆக்சிஜன் கம்பெனி ஆரம்பித்தார்கள். காற்றைக் குளிர்வித்துத் திரவமாக்கும் முறை வரும்வரை உலகத்துக்குச் சிலிண்டர் ஆக்சிஜன் கொடுத்தது பேரியத்தின் இந்த மூச்சுதான். அந்தக் கம்பெனி வளர்ந்து பி.ஓ.சி. ஆனது. கல்கத்தாவில் 1935-ல் தொடங்கி நம் ஆஸ்பத்திரிகளுக்குச் சிலிண்டர் கொடுத்த இந்தியன் ஆக்சிஜனும் அந்த வம்சம்தான்.

அதற்கும் முன்னால், 1818-ல், பாரிஸில் லூயி ஜாக் தெனார் பேரியம் பெராக்சைடை அமிலத்தில் கரைத்து ஒரு புதுத் திரவம் எடுத்தார். அதுதான் ஹைட்ரஜன் பெராக்சைடு. பேரியத்தைக் கந்தக அமிலத்தால் வீழ்படிவாக்கி வடிகட்டிவிட்டால், உலோகம் கழன்ற பெராக்சைடு மட்டும் தண்ணீரில் நிற்கும். நீண்ட காலம் தொழிற்சாலைகளில் இப்படித்தான் தயாரித்தார்கள். இன்று வேறு முறை. பேரியம் இல்லாமல், கரிமச் சேர்மம் ஒன்றை ஹைட்ரஜனோடும் காற்றோடும் மாறிமாறிச் சேர்த்து எடுக்கிறார்கள். நீல கேனில் 50 சதவீதப் பெராக்சைடாக யூனிட்டுக்கு வந்து சேர்வது அதுதான்.

இந்தக் கேனின் மூடியைக் கவனித்தால் நடுவில் சிறு துவாரம் இருக்கும். சும்மா வைத்திருந்தாலும் பெராக்சைடு மெல்ல மெல்ல ஆக்சிஜனை விடும். துவாரமில்லாத மூடி போட்டால் கேன் உப்பும். துரு விழுந்துவிட்டாலோ வேகம் பல மடங்காகும், வெடிக்கவும் செய்யும். கையுறை இல்லாமல் தொட்டவருக்கு விரல் நுனி சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளையாகிச் சுரீரென்று எரியும். தோலுக்குள் நுழைந்த பெராக்சைடு அங்கேயே உடைந்து விடுகிற ஆக்சிஜன் குமிழிகளால் வரும் வெண்மை அது, சில மணி நேரத்தில் போய்விடும்.

இங்கே பிளஸ் டூ மாணவர்களைத் தடுக்கி விழவைக்கிற ஒரு கேள்வி உண்டு. பேரியம் பெராக்சைடிலும் ஓர் உலோகத்துக்கு இரண்டு ஆக்சிஜன், மாங்கனீசு டை ஆக்சைடிலும் ஓர் உலோகத்துக்கு இரண்டு ஆக்சிஜன். அப்படியானால் இரண்டுமே பெராக்சைடா? இல்லை. மாங்கனீசில் இரண்டு ஆக்சிஜனும் தனித்தனியாக உலோகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒன்றுக்கொன்று கைகோத்திருப்பது பேரியத்தில்தான். நீர்த்த அமிலத்தில் போட்டால் பேரியம் சேர்மம் ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுக்கும், மாங்கனீசு கொடுக்காது. கால்சட்டையில் படிந்த அந்த அழுக்குப் பழுப்பு இந்த மாங்கனீசு டை ஆக்சைடுதான்.

பெர்மாங்கனேட்டில் இருக்கும் மாங்கனீசு ஏழு எலக்ட்ரான் பறிகொடுத்த நிலையில் இருக்கிறது. எங்கே கிடைத்தாலும் பிடுங்கும். துணியில் பட்டதும் அவுரி நீலத்திடமிருந்து பிடுங்கி, நீலத்தை உடைத்து நிறமற்றதாக்குகிறது. அதுவும் ஏழிலிருந்து நான்குக்கு இறங்கிப் பழுப்பு டை ஆக்சைடாக நூலில் ஒட்டிக்கொள்கிறது. இது தண்ணீரில் கரையாது, எத்தனை முறை அலசினாலும் போகாது. போகவேண்டுமானால் இன்னும் இரண்டு எலக்ட்ரான் கொடுத்து மாங்கனீசை இரண்டாம் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அந்த நிலையில் ஏறக்குறைய நிறமே கிடையாது, தண்ணீரிலும் நன்றாகக் கரையும்.

ஆக, தேவை எலக்ட்ரான் கொடுக்கிற ஒரு பொருள். சல்ஃபைட்டு கொடுக்கும், அது எதிர்பார்த்ததுதான். கொடுத்துவிட்டு ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு சல்ஃபேட்டாகிவிடும். பெராக்சைடு எப்படிக் கொடுக்கிறது? பெராக்சைடில் உள்ள ஆக்சிஜன் இரண்டுங்கெட்டான் நிலையில் இருப்பது. தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜன் அளவுக்கு எலக்ட்ரான் நிறைந்ததும் இல்லை, காற்றில் இருக்கும் ஆக்சிஜன் அளவுக்கு வெறுங்கையும் இல்லை. தன்னைவிட இளைத்தவர் வந்தால் பிடுங்கித் தண்ணீராகும். தன்னைவிட முரட்டுப் பிடுங்கி வந்தால் இருப்பதையும் கொடுத்துவிட்டு ஆக்சிஜன் வாயுவாகப் பறந்துவிடும். அமிலத் தண்ணீரில் மாங்கனீசு அப்படிப்பட்ட முரடன். துணி மேல் பொங்கிய குமிழி பெராக்சைடு எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு வெளியேறிய ஆக்சிஜன். கூட ஊற்றிய அசிட்டிக் அமிலத்தை மறந்துவிட்டால் கதை மாறும். மாங்கனீசு கரையாமல் அப்படியே உட்கார்ந்துகொண்டு பெராக்சைடை மட்டும் வீணாக உடைத்துத் தள்ளும். பொங்கல் அமர்க்களமாக இருக்கும், கறை இருந்த இடத்தில் இருக்கும்.

இனி பெராக்சைடு வெளுக்கிற வேலைக்கு வருவோம். அதற்கு முன், சில்க் போர்டு என்றாலே நெரிசல் ஞாபகம் வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. அங்கே உண்மையிலேயே மத்திய பட்டு வாரியம் இருக்கிறது. அதே வளாகத்தில் 1983-ல் தொடங்கிய மத்திய பட்டுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது. பட்டைக் குளோரின் பிளீச்சில் போட்டால் நூல் கரைந்தே போகும். மிதமான காரத்தில், கொதிக்காத சூட்டில், பெராக்சைடில் வெளுப்பதுதான் பட்டுக்கு ஏற்றது. பருத்தி இன்னும் முரட்டுத்தனத்தைத் தாங்கும். திருப்பூர்ப் பின்னலாடைத் துணியை காஸ்டிக் சோடா கலந்த பெராக்சைடில் கொதிநிலைக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் போல வேகவைக்கிறார்கள். காரம் சேர்ந்தால்தான் பெராக்சைடு வேலை செய்யும் வடிவத்துக்கு மாறும். அந்தத் தொட்டியில் இருப்பதும் ஒருவகையில் சோடியம் பெராக்சைடின் கரைசலே. ஒரு காலத்தில் சோடியம் பெராக்சைடுப் பொடியையே நேராகத் தண்ணீரில் கரைத்து வெளுத்தார்கள்.

வெளுக்கிறவர்கள் பயப்படுவது இரும்புக்கு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இரும்பு இருந்தாலோ, மெஷினிலிருந்து ஒரு துருத் துணுக்கு துணியில் ஒட்டினாலோ, அந்த இடத்தில் பெராக்சைடு வெறிபிடித்ததுபோல் உடையும். நூலின் செல்லுலோஸ் சங்கிலியை அறுக்கும். வெளுத்து வந்த துணியில் எதுவும் தெரியாது. சாயம் போட்டு, தைத்து, இழுத்துப் பார்க்கும்போது குண்டூசி முனை அளவு ஓட்டை தெரியும். தண்ணீரைச் சோதிக்காமல் பெராக்சைடைக் குறை சொல்லி என்ன பயன்?

வெளுத்து முடித்ததும் பெராக்சைடு துளியும் மிஞ்சக்கூடாது. மிஞ்சினால் அடுத்துப் போடுகிற சாயத்தையும் அது தின்றுவிடும். துணி திட்டுத் திட்டாக வரும். அதனால் ‘பெராக்சைடு கில்லர்’ என்று ஒன்றைப் போடுகிறார்கள். பல காலமாக அந்த வேலையைச் செய்தது சல்ஃபைட்டுக் குடும்பம். இரண்டு எதிரிகளும் நேருக்கு நேர் சந்திக்கிற இடம் இது. கந்தகத்தின் அந்த எலக்ட்ரான் ஜோடி பெராக்சைடின் பலவீனமான பிணைப்பில் போய் விழுகிறது, பிணைப்பு அறுகிறது. ஹென்றி டௌப் என்ற வேதியியலாளர், ஹால்பெரினோடு சேர்ந்து 1952-ல் ஒரு சோதனை வெளியிட்டார். பெராக்சைடில் கனமான ஆக்சிஜன்-18 அணுக்களை வைத்து, அவை எங்கே போகின்றன என்று பார்த்தார்கள். ஓர் ஆக்சிஜன் சல்ஃபைட்டில் ஒட்டும், மற்றது தண்ணீராகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பார்த்தால் இரண்டுமே சல்ஃபேட்டுக்குள் இருந்தன. பெராக்சைடு முழுசாகக் கந்தகத்தில் ஒட்டிக்கொண்டு, அப்புறம் உள்ளுக்குள் இடம் மாறுகிறது. தண்ணீராக வெளியேறுவது சல்ஃபைட்டின் பழைய ஆக்சிஜன்! டௌபுக்கு 1983-ல் நோபல் கிடைத்தது, வேறு வேலைக்காக.

இதே மோதல் நம் தலைக்கு மேலும் நடக்கிறது. நிலக்கரியும் டீசலும் எரிந்து வரும் கந்தக டை ஆக்சைடு மேகத் துளியில் கரைந்தால் பைசல்ஃபைட்டு. வெயிலில் காற்றிலேயே உருவாகும் ஹைட்ரஜன் பெராக்சைடும் அதே துளியில் கரையும். துளி ஓரளவு புளித்திருந்தால், அங்கே கந்தகத்தை அமிலமாக்குவதில் பெராக்சைடுக்குத்தான் முதலிடம். அமில மழையில் கணிசமான பங்கு இப்படிப் பிறப்பதுதான். ஓசூர் சாலை லாரிகளைப் பொறுத்தவரை நிலைமை தேறியிருக்கிறது. 2020 ஏப்ரல் 1-லிருந்து டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்கு, அதற்கு முன் 50.

இப்போது தொட்டிக்குத் திரும்புவோம். யூனிட்டில் ‘நியூட்ரல் பண்ணியாச்சு’ என்பார்கள். நிறமும் நெடியும் போனதால் சரக்கு ஒழிந்தது என்று எல்லோருக்கும் நிம்மதி. தராசு அப்படிச் சொல்லாது. சுத்தமான பெராக்சைடு ஒரு கிலோவைக் கொல்ல சோடியம் சல்ஃபைட்டு 3.7 கிலோ வேண்டும். முடிவில் கிடைப்பது அரை கிலோ தண்ணீரும் 4.2 கிலோ சோடியம் சல்ஃபேட்டும். மாங்கனீசுக் கறையை மெட்டா எடுத்தாலும் மிஞ்சுவது சல்ஃபேட்டு, கூடவே கரைந்த மாங்கனீசு. பாய்லரில் போட்ட சல்ஃபைட்டும் கடைசியில் சல்ஃபேட்டாகத்தான் வெளியே வரும். கார்மென்ட்ஸைத் தாண்டினாலும் விடாது. நம் வீட்டு சோப்புத் தூளில் பாக்கெட்டை நிரப்பச் சேர்க்கிற பொருள் பெரும்பாலும் சோடியம் சல்ஃபேட்டுதான். ஆகவே கழிவுநீரில் இருக்கும் சல்ஃபேட்டு முழுவதையும் வாஷிங் யூனிட்டுகள் தலையில் கட்டுவது நியாயமில்லை. அவர்கள் பங்கு ஓரிடத்தில் குவிந்து வருகிறது என்பதே விஷயம்.

கரைந்த சல்ஃபேட்டைத் தண்ணீரிலிருந்து பிரிப்பது எளிதல்ல. சுண்ணாம்பு போட்டால் ஜிப்சமாகப் படியும், ஆனால் லிட்டருக்கு இரண்டு கிராம் அளவுக்கு ஜிப்சமே தண்ணீரில் கரைந்து நிற்கும். அதற்குக் கீழே இறக்க முடியாது. குடிநீருக்கு இந்தியத் தரம் ஏற்கும் அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு வழியில்லாத இடத்தில் 400. பேரியம் போட்டால் சுத்தமாகப் படிய வைக்கலாம். அது விலையும் அதிகம், மிஞ்சினால் விஷமும்கூட. மிச்சமிருப்பது ஆர்.ஓ. சவ்வும், ஆவியாக்கும் அடுப்பும். நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் பாழான பிறகு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது உப்புக் கரைசலைத் துளிகூட வெளியே விடாமல் இருப்பதற்காகத்தான். இன்று அங்கே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சோடியம் சல்ஃபேட்டைப் படிகமாக்கி எடுத்து மறுபடி சாயத் தொட்டிக்கே அனுப்புகின்றன. அதற்கு ஆகிற விறகும் மின்சாரமும் தனிக் கதை.

சல்ஃபேட்டு சாதாரணமாக வம்புக்குப் போகாது என்றேன். அது காற்று உள்ள இடத்தில். பொம்மனஹள்ளிப் பக்கத்துக் கழிவுநீரும் மழைநீரும் கோரமங்கலா–செல்லகட்டா பள்ளத்தாக்கின் வழியாக பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளை நோக்கிப் போகின்றன. அங்கே அடிச்சேற்றில் ஆக்சிஜன் கிடையாது. அங்கு வாழும் ஒருவகை பாக்டீரியா, நாம் ஆக்சிஜனைச் சுவாசிப்பதுபோல் சல்ஃபேட்டைச் சுவாசிக்கிறது. அதிலிருந்த நான்கு ஆக்சிஜனையும் உருவிவிட்டு, கந்தகத்தை ஹைட்ரஜன் சல்ஃபைடாக வெளியே துப்புகிறது. அழுகிய முட்டை நாற்றம் அதுதான். செம்பையும் வெள்ளியையும் கறுக்கச் செய்வதும் அதுதான். பாதாளச் சாக்கடையில் இந்த வாயு கூரையில் படிந்து, அங்கே வேறொரு பாக்டீரியாவால் கந்தக அமிலமாகி, சிமென்ட் குழாயைத் தின்கிறது. 2017-லும் 2018-லும் பெல்லந்தூர் ஏரி தீப்பிடித்தபோது எல்லோரும் நுரையையும் மீத்தேனையும் பேசினார்கள். நுரைக்குக் காரணம் சோப்பு, சல்ஃபேட்டு அல்ல. ஆனாலும் அந்த ஏரிக்கரையின் நாற்றத்தில் நம் துணி வெளுப்புக்கும் ஒரு பங்கு உண்டு. வர்த்தூரிலிருந்து வழிகிற தண்ணீர் தென்பெண்ணையில் சேர்ந்து, ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அந்த நாற்றத்தை அடக்கும் வழிகளில் ஒன்றாக அடிச்சேற்றில் கால்சியம் பெராக்சைடைப் போடுவது வேறு நாடுகளில் வழக்கம். மெதுவாக ஆக்சிஜனை விட்டு சல்ஃபைடை மறுபடி ஆக்சிஜனேற்றும். ஏரி அளவுக்குப் போடக் கட்டுப்படியாகாது.

மாற்று வழிகள் இல்லாமலில்லை. மிஞ்சிய பெராக்சைடைக் கொல்ல இப்போது பெரிய பட்டறைகள் கேட்டலேஸ் என்ற நொதியைப் போடுகின்றன. நம் இரத்தத்திலும் இருப்பது அது. புண்ணில் பெராக்சைடு ஊற்றினால் பொங்குவது அதனால்தான். அது பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடும், உப்பு மிஞ்சாது. பி.பி. ஸ்ப்ரேக்குப் பதில் லேசர் வந்துவிட்டது. நீலத்தை ஒளியாலேயே சுட்டு எடுத்துவிடும். மாங்கனீசும் வேண்டாம், மெட்டாவும் வேண்டாம். மாங்கனீசுத் தூறலைச் சுவாசிக்கிற தொழிலாளியின் நுரையீரலுக்கும் நல்லது. ஓசோன் மெஷினும் இருக்கிறது. எல்லாம் வெளிநாட்டு பிராண்டுக்குத் தைக்கிற பெரிய ஃபேக்டரிகளுக்குக் கட்டுப்படியாகும். ஜாப் ஒர்க்குக்கு ஓடுகிற சிறிய யூனிட்டுக்கு மெட்டா மூட்டைதான் கதி.

அங்கேகூட அதிகச் செலவில்லாமல் சரிசெய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. மெட்டாவை எவ்வளவு போடுவது என்பதை பெரும்பாலும் கண்ணும் மூக்கும்தான் முடிவு செய்கின்றன. கறை சந்தேகமில்லாமல் போகட்டும் என்று ஒரு மக் கூடவே போடுவார்கள். கூடிப்போன மெட்டா சும்மா இருக்காது. அமிலம் பட்டால் கந்தகப் புகையாகி ஆஸ்துமாக்காரரின் நெஞ்சை அடைக்கும். மிச்சம் இ.டி.பி. எனும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், காற்றூதும் தொட்டியில் ஆக்சிஜனைத் தின்னும். ஒரு கிலோ மெட்டா தின்கிற ஆக்சிஜன் 170 கிராம் அளவுக்கு வரும். நுண்ணுயிருக்குப் போகவேண்டிய காற்றை அது சாப்பிட, புளோயரைக் கூட நேரம் ஓட்டி மின்கட்டணம் கட்டுவது முதலாளி. கழிவுநீரை ஆக்சிஜனேற்ற எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்று அளக்கும் சி.ஓ.டி. சோதனையின் எண்ணும் எகிறும். வேடிக்கை என்னவென்றால், பெராக்சைடு மிஞ்சினாலும் அந்தச் சோதனையில் சி.ஓ.டி. கூடுதலாகத்தான் காட்டும். டைக்ரோமேட் என்ற இன்னொரு முரடனிடம் அங்கேயும் அது எலக்ட்ரானைக் கொடுத்துவிடுகிறது. சல்ஃபைட்டுக்கும் பெராக்சைடுக்கும் தனித்தனியாகச் சோதனைப் பட்டைகள் கடையில் கிடைக்கின்றன. தொட்டித் தண்ணீரில் நனைத்து, நிறத்தை டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் அட்டவணையோடு ஒப்பிட்டால் போதும், கூடுதலாகப் போடுகிற அந்த ஒரு மக் தேவையா என்று தெரிந்துவிடும்.